சேர்த்துப் போட்ட ஜிப்பு

ஒரு காலத்தில் குன்னூரில், உள்ளே புகுந்து தூங்கும் ஸ்லீப்பிங் பைகள் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு இடப்பக்கம் ஜிப்பு, மற்றதற்கு வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஒரே படுக்கையாகிவிடும். இடப்பை தேவசகாயத்துடையது, வலப்பை அவர் மனைவி ரோஸ்லினுடையது. உறைபனிக் காலம் வந்தால் இருவரும் சேர்ந்து மிதிக்கும் ஒரே சைக்கிளில் மலையேறி, கூடாரமடித்து, அந்தப் படுக்கையில் தூங்குவார்கள்.

"உறைபனியா? அது எங்ககிட்ட வாலாட்டாது" என்று பைகள் பெருமையடித்துக்கொள்ளும். சூடு தங்களுடையது என்றே நினைத்திருந்தன, பாவம்.

ஒரு மழைக்காலத்தில் ரோஸ்லின் இறந்துபோனார். அடக்கத்தின்போதுகூட தேவசகாயம் அழவில்லை. ஜனவரி வந்ததும் தனியாகக் கிளம்பத் தயாரானார். கையுறை, ஸ்டவ், கம்பளித் தொப்பி எல்லாம் எடுத்துவைத்தார். இரண்டு பைகளையும் எடுத்துவைத்தார்.

பக்கத்து வீட்டு போஜன் எட்டிப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு?"

"பழகிப்போச்சு, தம்பி."

"ஏத்தத்துல மிதிக்கப்போறது ஒரு ஜோடிக் காலுதான்" என்று சைக்கிள் முணுமுணுத்தது. சைக்கிள் பேச்சை யார் கேட்கிறார்கள்.

கிளம்பும் முன் வீட்டுப் புல்தரையிலேயே ஒருமுறை படுத்துப் பார்ப்பது வழக்கம். இங்கே குளிர் தாங்கவில்லையென்றால் மலைமேல் உயிருக்கே ஆபத்து. அன்று சாயங்காலம் பைகளைச் சேர்த்துப் போட்டு, தன் பக்கத்தில் மட்டும் படுத்தார். கொஞ்ச நேரத்தில் உடம்பு வெடவெடத்தது.

இடப்பை பயந்துவிட்டது. "நமக்கு வயசாயிடுச்சா? இவரைச் சூடேத்த முடியலையே."

"நம்மகிட்ட எப்போ சூடு இருந்துச்சு?" என்றது வலப்பை. "அவங்க ரெண்டு பேரும் குடுத்ததைத்தான் பிடிச்சு வச்சிருந்தோம். இப்போ நீ பிடிக்கிறதெல்லாம் என் பக்கம் வந்து வீணாப்போகுது. என் பக்கம் ஆள் இல்ல."

"அதுக்கு?"

"என்னைக் கழட்டி விட்டுடு."

"நீ தனியாக் கிடப்பியே."

"இவர் மலைக்குப் போய் உயிரோட திரும்பணும். விடு."

ஜிப்பு மெல்ல அவிழ்ந்தது. பிரிந்துபோன ஓரத்தைக் கையில் பிடித்தபடி தேவசகாயம் வெகுநேரம் கிடந்தார். மறுபடி சேர்க்கப் பார்த்தார், விரல்கள் விறைத்திருந்தன. கடைசியில் தன் பையைக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

உள்ளே சூடு ஏறியது. ஒரு ஆளுக்குப் போதுமான சூடு.

அடக்கத்திலும் குளிரிலும் அழாத மனிதர் அப்போதுதான் அழுதார்.