ஆள்காட்டியின் ஈர வயிறு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தொன்பது.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் பதினைந்து வருஷமாகப் பறவைகளைப் படம் எடுத்துவரும் ஜெசிந்தாதான் குரு. சீடர் பல் டாக்டர் வில்வநாதன். ஊரில் பாதிப் பேரின் வாயைப் பார்த்து அலுத்தவர். கிளினிக்கை மகனிடம் விட்டுவிட்டு, கார் விலைக்கு ஒரு லென்ஸ் வாங்கிக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார். மூன்று வருஷமாகிறது. அவர் எடுத்த எந்தப் படத்துக்கும் ஜெசிந்தா "ம்" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. அந்த "ம்" அவரைப் பாடாய்ப்படுத்தியது.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"டீச்சர், கிடைச்சிருச்சு!"

"என்ன டாக்டர்?"

"கண்மாய்க்கரையில ஆள்காட்டி நாலு முட்டை வச்சிருக்குன்னு சொன்னேன்ல? அது தண்ணிக்குள்ள இறங்கி வயித்த நனைச்சுக்கிட்டு, அப்படியே சொட்டச் சொட்ட வந்து முட்டை மேல உட்காருது. வெயில்ல முட்டை சூடாயிறக் கூடாதாம். நேத்து ஒரே நாள்ல நாப்பத்தோரு தடவை. எண்ணிட்டேன்."

கேமராவை நீட்டினார். திரையில் ஆள்காட்டி கால்களை அகட்டி நின்றது. வயிற்று இறகுகள் நனைந்து ஒட்டியிருந்தன. ஒரு சொட்டு முட்டையைத் தொடப் போகும் நேரம்.

ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் சமாளித்தார்.

"போட்டிக்கு அனுப்பலாமா டீச்சர்? பறவைகளோட அரிய நடத்தைன்னு ஒரு பிரிவு இருக்கு. நாளைக்குக் கடைசி நாள்."

"அனுப்பலாம். நாப்பத்தோரு தடவை எதுக்குப் போகுது?"

"வெயில்தான்."

"அதுக்கு முதல் நாளும் இதே வெயில்தானே? அன்னைக்கு எத்தனை தடவை போச்சு?"

"அன்னைக்கு எண்ணல."

"படம் இருக்குமே."

"இருக்கு. காட்டுற மாதிரி இல்ல."

"காட்டுங்க."

முதல் நாள் படங்களில் ஓர் ஆவாரங்கிளை குறுக்கே சாய்ந்திருந்தது. பறவையின் பாதி முகம் தெரியவில்லை. உடம்பெல்லாம் வரிவரியாக நிழல். படங்களில் பதிவாகியிருந்த நேரத்தை ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அது தண்ணீருக்குப் போனது ஆறே தடவை.

"நேத்துப் படத்துல இந்தக் கிளை எங்க?"

"குறுக்க நின்னுச்சு டீச்சர். மூஞ்சியே தெரியல. மறுநாள் அது தண்ணிக்குப் போன நேரம் பாத்து ஒடிச்சுட்டேன். ஒரே ஒரு கிளைதான். முட்டையத் தொடவே இல்ல."

சொத்தைப் பல்லைப் பிடுங்கிய மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே உறைத்தது.

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வாங்க."

கண்மாய்க்கரையில் பதினோரு மணி வெயில். ஜெசிந்தா தூரத்துச் செடி ஒன்றில் பெரிய ஆவாரங்கிளையாக வெட்டிக்கொண்டு முட்டைகளை நோக்கி நடந்தார். ஆணும் பெண்ணுமாக இரண்டு ஆள்காட்டிகளும் அவர் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தித் தீர்த்தன. பழைய கிளை இருந்த இடத்திலேயே புதியதை ஊன்றி, அடியில் இரண்டு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். இருவரும் நூறடி தள்ளிக் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

டாக்டரின் கை தானாகக் கேமராப் பைக்குப் போனது.

"வேணாம்," என்றார் ஜெசிந்தா.

பறவை இறங்கவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது நிமிஷம் ஆயிற்று. முட்டைகள் அடைகாப்பாரின்றி அனலில் கிடந்தன. டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது.

"வருமா டீச்சர்?"

"தெரியாது."

"கிளையப் பாத்துப் பயந்துருச்சுன்னா?"

"அப்பவும் நம்ம பண்ணினதுதான்."

அரை மணி நேரம் கழித்து ஒன்று தரையிறங்கியது. கிளையைச் சுற்றி வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு உள்ளே போய் முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அதற்கப்புறம் மூன்று மணிவரை அது தண்ணீருக்குப் போனது இரண்டே தடவை. டாக்டருக்கு நிம்மதியும் வெட்கமும் சேர்ந்தே வந்தன.

"அப்ப என் படம் பொய்யா டீச்சர்?"

"படம் பொய் இல்ல. அது போனது நிஜம். நனைஞ்சது நிஜம்."

டாக்டர் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

"நீங்க இந்த மாதிரி முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"பன்னெண்டு வருஷம் முன்னாடி, வெளியூர்க் கண்மாய் ஒண்ணுல. முப்பது தடவைக்கு மேல போச்சு."

"அங்க நிழலே இல்லையா?"

"இருந்துச்சு. நான்தான் வெட்டினேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஜெசிந்தா கூட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துக்குப் பரிசு கிடைச்சுதா?"

"முதல் பரிசு."

"முட்டைங்க பொரிச்சுதா?"

"படம் கிடைச்ச அன்னைக்கே நான் ஊருக்குப் பஸ் ஏறிட்டேன், டாக்டர்."