அங்கமுத்து கார் வாங்கிய கதை

பல்லடத்தில் விசைத்தறி முதலாளி அங்கமுத்து புதுக் கார் வாங்கக் கிளம்பினார். பெட்ரோல் கார்தான் விலை குறைவு என்றார்.

“போகப் போக மின்சாரக் கார்தானுங்க மலிவு” என்று டிரைவர் மாரப்பன் வாயைக் கொடுத்தான்.

“எனக்கே கணக்குச் சொல்றியா? ஒரு நம்பர்கூடச் சொல்லாம எனக்குப் புரிய வை. இல்லைன்னா சாவியை வெச்சுட்டு வீட்டுக்குப் போ.”

மாரப்பன் தலையைச் சொறிந்தான். “நம்ம மாப்பிள்ளை ஒரு பைசா வரதட்சணை வாங்காம வந்தாருன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொன்னீங்களேங்க.”

அங்கமுத்து திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். கல்யாணத்தன்று வந்து அங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை, இன்னொரு நெய்தோசைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் வாசலில் மின்சாரக் கார் வந்து நின்றது. முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர் மாப்பிள்ளைதான்.