உறி கட்டிய வாசல்

உடம்பின் உறுப்புகளெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மனிதனின் காதுக்குள், நத்தைக்கூடு போல் சுருண்ட ஓர் அறையில் இழையாள் தனியே குடியிருந்தாள். அறை நிறையத் தண்ணீர். அவள் தலைமயிர் அதில் மிதக்கும். வெளியே சத்தம் எழுந்தால் தண்ணீர் அசையும், மயிர் சாயும். உடனே ஒரு சிமிழ் மருந்தை எடுத்து, வாசலில் நிற்கும் நரம்பனிடம் கொடுப்பாள். அவன் அதைக் குடித்துவிட்டு மூளையிடம் ஓடுவான். அப்போதுதான் மனிதனுக்குக் காது கேட்கும்.

அவளிடம் இருந்தது ஒரே சிமிழ். வெறும் சிமிழைத் திரும்ப வாங்கிப் போய், மருந்து அரைத்து நிரப்பி வர வேண்டும்.

“ஓர் உறி கட்டி நாலைந்து சிமிழைத் தொங்கவிடேன். நீ அரைத்து வருவதற்குள் எனக்குத் தாடி முளைத்துவிடும்” என்பான் நரம்பன்.

“போடா. ஒரு நாய் குரைக்கும், ஒரு காக்கை கத்தும். அதற்கு ஒன்று போதாதா?”

அந்த மனிதன் பெயர் வேலான். அவன் மனைவி அலரி கழிமுகத்தில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போவாள். ஒரு விடியலில் பனி மூடிக்கொண்டது. கூடவே கடலும் ஏறியது. கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் அலரி சேற்றில் நின்றாள்.

“இங்கே வாங்க... இங்கே... இங்கே...” என்று கரையில் இருந்த வேலானைக் கூப்பிட்டாள்.

இழையாளின் மயிர் சாய்ந்தது. சிமிழைக் கொடுத்தாள். வேலான் தண்ணீரில் இறங்கி, குரல் வந்த பக்கம் நடந்தான். மயிர் சாய்ந்தபடியே இருந்தது.

“அடுத்தது கொடு! இன்னும் கூப்பிடுகிறாள்!” என்று கத்தினான் நரம்பன்.

“இரு, அரைக்கிறேன்!” அவசரத்தில் பாதி மருந்து சிந்தியது.

வேலானுக்குக் குரல் பாதியில் அறுந்தது. “எங்கேடி இருக்கே? விடாமக் கூப்பிடு!” என்று பனிக்குள் சுற்றிச் சுற்றி வந்தான். அவள் விடாமல்தான் கூப்பிட்டாள். நிறைந்த சிமிழோடு இழையாள் வாசலுக்கு வந்தபோது மயிர் நிமிர்ந்துவிட்டிருந்தது; அலரியைக் கடல் மூடியிருந்தது.

நரம்பன் கை நீட்டவில்லை.

அன்றே அவள் உறி கட்டினாள். சிமிழ்களை நிரப்பி நெருக்கமாகத் தொங்கவிட்டாள். ஒன்று போனால் அடுத்தது கைக்கு வந்தது. வேலான் உறங்கும்போதும் அவள் உறங்கவில்லை. சத்தமே இல்லாத நேரத்திலும் இடையிடையே ஒரு சிமிழை நீட்டினாள்.

“யாரும் கூப்பிடவில்லையே, இழையாளே.”

“தெரியும். கொண்டு போ.”

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வேலான், சோற்றுக் கையோடு வீட்டு வாசலைப் பார்ப்பான்.

அன்று முதல்தான், எவ்வளவு நேரம் கூப்பிட்டாலும் மனிதக் காது இடையில் விடுவதில்லை. தனியாக இருப்பவருக்கு, யாரும் கூப்பிடாதபோதும் யாரோ கூப்பிட்டது போலவே இருக்கிறது.