முதுகோடு முதுகு சேர்ந்த வெள்ளிக்காசு

அந்தக் காலத்தில் கரடிகள் பேசும். மனிதர்களும் நின்று கேட்பார்கள். ஜெர்மானிய மலைச்சீமை ஒன்றை எக்பெர்ட், வோல்க்மார் என்ற அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஆண்டுவந்தார்கள். மலைக்குள் இருந்த வெள்ளிக்கு ஒரு கிழட்டுக் கரடி காவல். அந்த வெள்ளியில் அடித்த காசின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் உருவம் இருக்கும். அண்ணனும் தம்பியும் அதில் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுபக்கம் வெறும் வழுவழுப்பு.

அப்போதுதான் கடவுளை எப்படி வணங்குவது என்ற சண்டை ஊர் ஊராகப் பரவியது. எக்பெர்ட் பழைய வழிபாட்டை விடவில்லை. வோல்க்மார் புதிய போதனையில் சேர்ந்துகொண்டான். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஆற்றின் இரு கரைகளிலும் தனித்தனியாகக் கோட்டை கட்டிக்கொண்டார்கள்.

"இனி காசில் என் முகம் மட்டும்தான் இருக்க வேண்டும்" என்று எக்பெர்ட் கரடியிடம் ஆள் அனுப்பினான்.

கரடி சுரங்க வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்துத்தான் தருவதாக அவர்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் என்றால் ஒரு துணுக்கும் கிடையாது."

சுரங்கத்து ஆட்களின் வீடுகளில் அடுப்பு அணைந்தது. கரடியைக் கொன்று மலையைப் பிடிக்க எக்பெர்ட் படை திரட்டினான். வோல்க்மாரின் வீரர்களும் வாளைத் தீட்டினார்கள்.

வோல்க்மாருக்கு மனசு கேட்கவில்லை. அண்ணனோடு பனியில் சறுக்கி விளையாடியதும், அவன் தோளில் ஏறி ஆப்பிள் பறித்ததும் கண்ணுக்குள் வந்து நின்றன. வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியாகப் பாலத்தைக் கடந்து போனான்.

எக்பெர்ட் அவனைக் கண்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை."

"பார்க்க வேண்டாம் அண்ணா. காசின் அந்தப் பக்கம் நீ இரு, இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். நடுவில் வெள்ளி இருக்கட்டும்."

"அது எப்படி?"

"அம்மா இறந்த குளிர்காலத்தில் நாம் எப்படித் தூங்கினோம்? நீ அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் முதுகோடு என் முதுகை ஒட்டிப் படுத்த பிறகுதான் எனக்குக் குளிர் விட்டது."

எக்பெர்ட் ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். பிறகு, திரும்பாமலேயே, "படையைக் கலைக்கச் சொல்" என்று காவலனிடம் சொன்னான்.

ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தம்பி என்று காசு அடிக்க முடிவானதும் கரடி வழிவிட்டது. அடுப்புகள் மறுபடி எரிந்தன. ஆனால் அண்ணனும் தம்பியும் அதன்பிறகு நேரில் சந்திக்கவே இல்லை. அண்ணன் நினைப்பு வரும்போதெல்லாம் வோல்க்மார் ஒரு காசை எடுத்து மெதுவாகத் திருப்பிப் பார்ப்பான்.

அன்று முதல்தான் காசுக்கு இரண்டு பக்கமும் உருவம் வந்தது. ஒன்று மற்றொன்றைப் பார்ப்பதும் இல்லை, விட்டுப் பிரிவதும் இல்லை.