குளம்புத் தடங்களை எண்ணிய கொக்கு

மலையடிக் காட்டில் கடமான்களுக்குக் குளம்புப் புண் வந்தது. நடந்தால் வலி. நின்றால் அதைவிட வலி.

கருங்குரங்குகள் ஒரு பச்சிலையை அரைத்து மருந்து செய்தன. அது பலிக்கிறதா என்று சோதிக்க, பெரும்பாறையின் உச்சியில் அதைக் குவித்து வைத்தன. ஏறி வந்து பூசிக்கொண்ட மான்களுக்குக் குணமானதா என்று கவனித்தன.

காட்டுச் சபை ஒரு விதி போட்டிருந்தது. எந்த நோய்க்கு மருந்தோ, அந்த நோயாளி ஒருவரையும் மருந்து பற்றிய கூட்டத்தில் சேர்க்க வேண்டும். வேறு வழியின்றிக் குரங்குகள் நொண்டி நடந்த ஒரு பெண் மானை அழைத்தன.

பாறையடியில் ஆற்றோரம் ஓர் அத்திமரம். கூட்டம் அங்கேதான். குரங்குகள் கிளைகளில் சாய்ந்துகொண்டன. மான் கீழே ஈரமணலில் நின்றது.

"வாருங்கள் அம்மா! நீங்கள் இல்லாமல் இந்தக் கூட்டம் ஏது?" என்றது தலைமைக் குரங்கு.

"ஐயா, குளம்பு அழுகியவர்கள் பாறை ஏற முடியுமா? என் தங்கை ஏழு நாளாகச் சேற்றில் கிடக்கிறாள். மருந்தைக் கீழே இறக்கி வையுங்கள்!"

"அருமையான கருத்து! மரப்பட்டையில் கீறி வையுங்கள்!" என்றது தலைமைக் குரங்கு. எல்லாக் குரங்குகளும் கை தட்டின.

அடுத்த கூட்டத்திலும் மருந்து உச்சியிலேயே இருந்தது.

"மேலே இருந்தால்தான் எங்களுக்குக் கவனிக்க வசதி. உங்கள் கருத்தை மறக்கவில்லை அம்மா. இதோ, இரண்டாம் முறையும் கீறிவிட்டோம்!"

"அம்மாவுக்கு எப்போதும் ஒரே பல்லவி!" என்று கிளையிலிருந்து ஒரு குரங்கு சிரித்தது.

மூன்றாம் கூட்டத்தில் மான் கெஞ்சியது. "என் தங்கை இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஒரே ஓர் உருண்டை கொடுங்கள். நானே கொண்டுபோய்ப் பூசுகிறேன்!"

"அது முறையல்ல அம்மா! ஏறி வருகிறவர்களுக்குத்தான் மருந்து. இல்லாவிட்டால் சோதனை கெட்டுவிடும்."

அன்று மாலை தங்கை செத்துப்போனாள்.

மறுநாள் சபை ஒரு கொக்கை அனுப்பியது. நோயாளிக்குக் கூட்டத்தில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்று மதிப்பிடுவது அதன் வேலை. கொக்கு அத்திமரத்தடிக்கு வந்து மானையும் அழைத்தது. மணலில் பதிந்திருந்த குளம்புத் தடங்களை ஒவ்வொன்றாக எண்ணியது.

"நூற்றுப் பன்னிரண்டு! அடேயப்பா, என்ன உற்சாகம்! ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியிருக்கிறீர்களே அம்மா!"

"உற்சாகமா? வலி தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்தேன் ஐயா."

"அதை எழுத என்னிடம் இடமில்லை. சரி, உங்களை மரியாதையாக நடத்தினார்களா?"

"வாருங்கள் அம்மா என்றார்கள்."

"மிக்க மகிழ்ச்சி!"

"நான் கேட்டதைச் செய்தார்களா என்று கேளுங்கள்! என் தங்கை இருக்கிறாளா என்று கேளுங்கள்!"

"அது மருந்து விவகாரம். நான் மதிப்பிட வந்தது உங்கள் பங்கேற்பை!" என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்தது.

'பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று அது எழுதியது. மருந்தும் வெற்றி என்று குரங்குகள் அறிவித்தன. பாறை ஏறிய பத்து மான்களும் குணமடைந்தன அல்லவா! அந்தப் பத்துக்கும் பாறை ஏற முடிகிற அளவு லேசான புண்தான் இருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த பருவத்தில் அழைப்பு மீண்டும் வந்தது.

"வருகிறேன். ஆனால் கூட்டத்தை என் தங்கை செத்த சேற்றில் வைத்துக்கொள்வோம். நீங்கள் இறங்கி வாருங்கள்!" என்றது மான்.

"ஐயோ, வால் நனைந்துவிடுமே!" என்றன குரங்குகள்.

மானை நீக்கிவிட்டு ஒரு முயலைச் சேர்த்துக்கொண்டன. முயலுக்குக் குளம்பும் இல்லை, புண்ணும் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் அழகாகத் தலையாட்டியது.

நோயாளியின் பேச்சுக்கு மதிப்பிருந்ததா என்று அறிய விரும்புகிறவர், அவர் பேசிய பிறகு எது மாறியது என்று பார்க்க வேண்டும்.