அளவின்றி அழைத்த முசுறு

ஆனி மாதத்தின் நடுப்பகுதி. உச்சி வெயில் சற்றே சாயத் தொடங்கிய நேரம். காட்டுக் குளத்தின் மேல் கிளை நீட்டி நின்ற நாவல் மரத்தில், இலைகளைச் சேர்த்துத் தைத்த பெரிய கூடொன்றில் முசுறு எறும்புகள் வாழ்ந்து வந்தன. கூட்டின் நடுவே குஞ்சுப் புழுக்களின் அறை இருந்தது. அந்த அறையின் சுவரில் ஒரு கருவண்டு ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது.

அதை முதலில் கண்டவள் பவளம் என்னும் காவல்காரி.

முசுறுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டில் எங்கே சேதம் கண்டாலும், கண்டவள் தன் வயிற்றிலிருந்து மணச்சாறு எடுத்து அங்கே தடவ வேண்டும். மணம் எவ்வளவோ, வரும் படையும் அவ்வளவு. படை காரணம் கேட்பதில்லை. மணம் கனத்த பக்கம் நடக்கும். வேலை முடிந்ததும், அதற்கென்றே இருக்கும் ஒருத்தி வந்து அந்த மணத்தை நக்கித் துடைத்துவிடுவாள். நம் உடலில் முள் தைத்தாலும், தைத்த இடம் ஒருவகைச் செய்திச் சாற்றைக் கசியவிட்டுத்தான் இரத்தத்தின் காவல் அணுக்களை வரவழைக்கிறது. முசுறுகளின் முறையும் அதுவே.

இந்த ஓட்டைக்கு ஒரு துளி போதும் என்பது பவளத்துக்குத் தெரியும். தெரியாமல் செய்த பிழையென்றால் மன்னித்துவிடலாம். ஆனால் அவள் நன்றாக யோசித்தாள். முன்பொரு முறை கம்பளிப்புழு புகுந்தபோது, அவள் அழைப்புக்குப் பெரும்படை திரண்டது. அரசியின் தோழிகளே வந்து அவள் வாயில் தேன் ஊட்டினார்கள்.

"ஒரு துளி விட்டால் நாலு பேர் வருவார்கள், அடைப்பார்கள், போவார்கள். என் பெயரை யார் சொல்லப்போகிறார்கள்?" என்று முணுமுணுத்தாள் பவளம். பிறகு சுவர் முழுவதும் வயிற்றை இழைத்து இழைத்து மணத்தைப் பூசினாள்.

கடுகி என்னும் துடைப்புக்காரி தன் துணைகளோடு ஓடி வந்தாள். வந்தவள் இரண்டு உணர்கொம்புகளையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அடியே பவளம்! இது ஓட்டையா, ஊர்த் திருவிழாவா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறாயே!"

"உனக்கென்ன தெரியும்? அழைக்கிறவள் நான்! நக்குகிறவள் நீ!"

"நக்குகிறேன், நகர்ந்து நில்!" என்று கடுகி சுவரில் நாக்கை வைத்தாள்.

அதற்குள் படைத்தலைவி வீரி தன் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். பவளம் சட்டென்று குரலை உயர்த்தினாள். "தலைவி! பாருங்கள் இவளை! கூடு ஆபத்தில் இருக்கிறது. இவள் அபாய மணத்தை அழிக்கிறாள்! இவள் யாருக்கு உளவாளி?"

வீரிக்குத் தாடை வலிமை அதிகம், யோசனை அப்படியல்ல. "துரோகி!" என்று முழங்கினாள். "இவளையும் இவள் துணைகளையும் அடிக்கிளைக்குத் துரத்துங்கள்!"

துரத்தினார்கள். பவளம் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

படை வந்தது. மேலும் வந்தது. வந்தவர்கள் பரபரப்பில் தங்கள் பங்குக்கும் மணம் விட்டார்கள். அதை முகர்ந்து பக்கத்து மரத்துப் படையும் வந்தது. கருவண்டோ முதல் காலடி ஓசையிலேயே பறந்துபோய் எதிர்க்கிளையில் அமர்ந்துவிட்டது.

"எதிரி எங்கே?" என்றாள் ஒருத்தி.

"இவ்வளவு மணம் இருக்கிறது, எதிரி இல்லாமலா இருப்பான்? கடி!" என்றாள் மற்றொருத்தி.

கடித்தார்கள். சுவரைக் கடித்தார்கள். எரிதிராவகத்தைப் பீய்ச்சினார்கள். இலை சிவந்தது, கூடு உப்பியது, உள்ளே சூடு தாங்க முடியவில்லை. தையல்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. குஞ்சுப் புழுக்கள் நெளிந்து துடித்தன.

பவளம் படையின் குறுக்கே பாய்ந்தாள். "போதும்! நிறுத்துங்கள்! எதிரி இல்லை!" என்று கத்தினாள்.

வீரி திரும்பினாள். மூக்குக்கு இருக்கும் மரியாதை சொல்லுக்கு அங்கே இல்லை. அந்த இடத்தில் எல்லாரையும்விட அதிகமாக அபாய மணம் வீசியது பவளத்தின் உடம்பில்தான்.

"இதோ எதிரி!" என்றாள் வீரி.

"ஐயோ தலைவி, நான்தான் உங்களை அழைத்தவள்!"

"அழைத்தவள் யாரென்று யாருக்கு வேண்டும்? மணம் எங்கேயோ கடி அங்கே!"

ஒரு கால் போயிற்று. ஓர் உணர்கொம்பு போயிற்று. எஞ்சிய கால்களால் பவளம் அடிக்கிளைக்கு உருண்டு விழுந்து, கடுகியின் முன் கிடந்தாள்.

"கடுகி அக்கா! குழந்தைகள் வேகின்றன. வா!"

"சற்றுமுன் வெறும் 'நக்குகிறவளாக' இருந்தேன். இப்போது அக்காவா? உளவாளியின் நாக்கு உனக்கு ருசிக்குமா?"

"என்னைத் திட்டு. பிறகு திட்டு. இப்போது வா!"

கடுகி வந்தாள், தன் துணைகளையும் கூட்டி வந்தாள். திராவகம் தோய்ந்த சுவரை முதலில் நக்கினார்கள், பிறகு படையின் முதுகுகளை, கடைசியாகப் பவளத்தை. மணம் தணியத் தணிய, வீராங்கனைகள் ஏன் வந்தோம் என்பதையே மறந்து கலைந்து போனார்கள். ஆனால் அதற்குள் புழு அறையின் ஒரு பக்கம் பிளந்து, பாதிக் குஞ்சுகள் குளத்தில் விழுந்துவிட்டன. கெண்டை மீன்கள் காத்திருக்கவில்லை.

எதிர்க்கிளையிலிருந்து கருவண்டு சிரித்தது. "நான் கடித்தது ஒரு வாய்! மற்றதெல்லாம் உங்கள் கைவண்ணம்!"

அதன் பிறகு, ஆடிக் காற்று ஓயும்வரை பவளம் தன் பங்குத் தேனைத் எஞ்சிய புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, மிஞ்சியதில் வாழ்ந்தாள். வீரியின் படை ஆவணி முடியப் புதுக் கூட்டுக்கு இலை இழுத்தது. கடுகியின் நாக்கு வெந்து போனதால், அவளுக்குப் புரட்டாசி வரை தேனும் கசந்தது. உயிரையே விலையாகக் கொடுத்தவை எதையும் அறியாத குஞ்சுகள். அவை அன்றைக்கே கொடுத்துவிட்டன. கருவண்டு மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. அதே மரத்தில் தின்று கொழுத்தது.

காயத்தின் அளவறியாமல் படையை அழைப்பவரும், அழைப்பைத் தணிக்க வல்லவரைத் துரத்துபவரும், உடலானாலும் ஊரானாலும், பகைவன் தொடங்கியதைத் தாமே முடித்து வைப்பார்கள்.