சாம்பி பேச்சை விட்ட நாள்

அந்தக் காலத்தில் மாட்டுக்கு மடி கனத்தால் அது ஆளைக் கூப்பிட்டுச் சொல்லும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பிடிக்கவில்லை என்றால் நாய் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். குதிரைகளும் பேசின. மற்ற உயிர்கள் பேச்சை விட்டதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அதெல்லாம் வேறு கதை. குதிரைகள் பேச்சை விட்டது சாம்பியால்.

சாம்பி ஒரு பெண் குதிரை. உடம்பு சாம்பல் நிறம், பிடரி மட்டும் கறுப்பு. கடலும் உப்பங்கழியும் சேரும் இடத்தில் உப்பளக்காரர்களின் ஊர் ஒன்று இருந்தது. அங்கே விளைந்த உப்பைப் படகுத்துறை வரை சுமந்து போவது குதிரைகளின் வேலை. சாம்பியைப் பார்த்துக்கொண்டவள் காத்தாயி. நாற்பது வயதுக்காரி. புருஷன் கடலோடு போன பிறகு தம்பி ஒண்டிமுத்துவோடு ஒரே வீட்டில் இருந்தாள். சாம்பி பிறந்தபோது அதன் மூக்கைத் துடைத்து மூச்சு விட வைத்தவள் அவள்தான். இரண்டு பேரும் உப்பு ஏற்றும்போதும் பேசுவார்கள், இறக்கும்போதும் பேசுவார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது சாம்பிக்கு அத்துப்படி.

அந்த ஊரில் யாரும் குதிரையைக் கவனித்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. "சுமை ஏத்தட்டுமா?" என்று கேட்டால் "ஏத்து" என்று குதிரை சொல்லும். "வலிக்குதா?" என்றால் வலிக்கிற இடத்தைச் சொல்லும். பின்பக்கமாக நடந்து போனார்கள், வயிற்றுக்கடியில் குனிந்து போனார்கள், கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனார்கள். எப்போதாவது ஒரு குதிரை யார் காலையாவது மிதித்துவிடும். "ஐயோ, தெரியாம மிதிச்சிட்டேன்" என்று அது சொல்லும். "சரி விடு" என்று மிதிபட்டவர் சொல்வார். அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு நாள் உப்பு இறக்கித் திரும்பும்போது சாம்பி பின்னங்காலை நொண்டியது. குளம்பின் அடியில் சிப்பி ஓடு குத்தியிருந்தது. காத்தாயி அதைத் தன் வீட்டு வாசலுக்குக் கூட்டிவந்து, ஒரு சட்டியில் புங்கெண்ணெயும் சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எட்ட நின்ற ஒண்டிமுத்து சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"காலைத் தூக்கட்டுமாடி?"

"தூக்கு."

"வலிக்கும். உதைச்சிடாதே."

"உன்னையா? என்ன பேச்சு பேசுற காத்தாயி. நான் உன்ன உதைப்பேனா? சத்தியமா மாட்டேன்."

காத்தாயி சிரித்தாள். காலை மடியில் வாங்கிக் கத்தி முனையால் சிப்பி ஓட்டை நெம்பினாள். சாம்பியின் தோல் ஒரு தரம் சிலிர்த்தது. காதுகள் இரண்டும் பின்னால் போய்ப் பிடரியோடு ஒட்டின. காத்தாயி குளம்பையே பார்த்துக்கொண்டிருந்ததால் இது எதுவும் அவள் கண்ணில் சரியாகப் படவில்லை. "இன்னும் கொஞ்சந்தான்" என்றாள்.

"சரி, சரி" என்றது சாம்பி.

அந்த நேரம் கடற்காற்று ஒன்று வீசியது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த கோரைப்பாய் பட்டென்று எழும்பி அடித்தது.

பச்சை மட்டை முறிந்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஒண்டிமுத்து தலை நிமிர்ந்தபோது காத்தாயி இருந்த இடத்தில் எண்ணெய்ச் சட்டி மட்டும் உருண்டுகொண்டிருந்தது. அவள் ஆறேழு முழம் தள்ளி வேலியோரம் கிடந்தாள். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

சாம்பி திரும்பிப் பார்த்தது.

"யாரு?" என்று கத்தியது. "யாரு காத்தாயிய அடிச்சது? ஒண்டிமுத்து, யாரு அடிச்சது?"

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். எல்லாருடைய கண்ணும் சாம்பியின் பின்னங்காலில் இருந்தது. சாம்பியும் குனிந்து பார்த்தது. குளம்பில் ரத்தம் இருந்தது. ஒரு பல்லும் ஒட்டியிருந்தது.

"இது என் காலு" என்றது சாம்பி மெதுவாக. யாருக்கோ சொந்தமானதைப் பார்ப்பது போல அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றது.

காத்தாயி பிழைத்துக்கொண்டாள். கீழ்த்தாடை உடைந்திருந்தது, நாலு பற்கள் போயிருந்தன. எலும்பு கட்டுகிற கூத்தையன் வந்து, தாடையோடு தலையைச் சுற்றித் துணியால் இறுக்கிக் கட்டினார். "ரெண்டு மாசம் வாயத் திறக்கக் கூடாது. பேசவே கூடாது. நாணல் குழல்ல கஞ்சி உறிஞ்சிக் குடிக்கட்டும்" என்றார்.

ஊரார் பேசியதெல்லாம் ஒன்றுதான்: குதிரை பொய் சொல்லிவிட்டது. சத்தியம் செய்துவிட்டு உதைத்தது. பத்து வருஷம் கஞ்சித் தண்ணி ஊற்றியவளையே உதைத்த குதிரை வேறு யாரைத்தான் விடும்? சாம்பி ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லிப் பார்த்தது. "நான் பொய் சொல்லல. உதைக்க மாட்டேன்னு நெனச்சுத்தான் சொன்னேன். எப்படி உதைச்சேன்னு எனக்கே தெரியல." அதைக் கேட்டவர்களுக்குப் பயம் இன்னும் கூடியது. கோபத்தில் உதைத்தேன் என்று சொல்லியிருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருப்பார்கள். தனக்கே தெரியாமல் உதைக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கதவைச் சாத்தினார்கள்.

காத்தாயிக்கு மட்டும் சாம்பி மேல் கோபம் இல்லை. அது பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை வாய் திறந்து சொல்ல முடியவில்லை. பத்தாம் நாள் அவள் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்தாள். தூரத்தில் நின்ற சாம்பி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது. அதன் கழுத்தைத் தொட வேண்டும் என்று காத்தாயி கையை நீட்டினாள். சாம்பி ஒரு கால் எடுத்து வைத்ததும் அவள் உடம்பு தானாகப் பின்னால் துள்ளியது. முதுகு சுவரில் மோதியது.

அவள் திகைத்துப்போனாள். நான் விலக நினைக்கவில்லையே, இந்த உடம்பு ஏன் விலகியது?

அப்படியே உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தாள். மனசு ஒன்று சொல்கிறது. உடம்பு அதைக் கேட்பதற்கு முன்னாலேயே வேறொன்றைச் செய்துவிடுகிறது. எனக்கே இப்படி என்றால், புலிக்கும் ஓநாய்க்கும் தப்பி ஓடியே பிழைத்த இனத்துக்கு எப்படி இருக்கும்? அப்போதுதான் அன்றைக்கு நடந்தது அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மடியில் இருந்த கால் இறுகியது. தோல் சிலிர்த்தது. கடைக்கண்ணில் அந்தக் காதுகள் பின்னால் போனதும் தெரிந்துதான் இருந்தது. உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. வாய் மட்டும் "சரி, சரி" என்றது. நான் வாயை நம்பிவிட்டேன்.

பேச முடியாத அந்த நாட்களில் காத்தாயிக்கு வேறு வேலை இல்லை. உட்கார்ந்து குதிரைகளையே பார்த்தாள். காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் குதிரையின் கவனம் என்று கண்டாள். தலை உயர்ந்து கண் வெள்ளை தெரிந்தால் அடுத்த நொடி அது பாயும். வாலுக்கு நேர் பின்னால் வருகிறவர் குதிரையின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. இத்தனை வருஷமாக இதை நாம் யாரும் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் என்று கை ஜாடை காட்டினாள். அக்காவுக்கு வலி போலிருக்கிறது என்று ஒண்டிமுத்து கஞ்சி கொண்டுவந்து வைத்தான்.

அவனால் சாம்பியைப் பார்க்கவே முடியவில்லை. ஒரு காலையில் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, நான் இதக் கழிக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். இது இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

காத்தாயி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவன் கேட்கவில்லை. சாம்பியின் கழுத்தில் கயிற்றைக் கட்டினான். ஓடிவிடக் கூடாது என்று மறுமுனையைத் தன் கையில் மூன்று சுற்று சுற்றி முடிந்துகொண்டான்.

"அவ்வளவு இறுக்கம் எதுக்கு?" என்றது சாம்பி. "நானே வரேன். ஓட மாட்டேன்."

"ஒன் சத்தியத்த ஒரு தரம் பாத்தாச்சு."

"இல்ல ஒண்டிமுத்து. மனசாரச் சொல்றேன். ஓட மாட்டேன்."

உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் இருவரும் நடந்தார்கள். காத்தாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் சாம்பியின் தலை சட்டென்று உயர்ந்தது. இரண்டு காதுகளும் கழிப் பக்கம் திரும்பி விறைத்தன. அங்கே பூநாரைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று காத்தாயிக்குத் தெரிந்துவிட்டது. கயிற்றை விடுடா என்று கத்தப் போனாள். தாடை கட்டியிருந்தது. தொண்டையிலிருந்து முனகல்தான் வந்தது. கஞ்சிப் பானையைத் தூக்கி அதை அகப்பையால் அடித்தாள். காற்று எதிர்த்திசையில் வீசியது. அவனுக்குக் கேட்கவில்லை.

நூறு பூநாரைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின.

சாம்பி பாய்ந்தது. ஒண்டிமுத்து வரப்பில் விழுந்தான். கயிறு அவன் கையை விடவில்லை. உப்புப் பாத்திகளின் மேல் அவனை இழுத்துக்கொண்டு சாம்பி ஓடியது. ஓடும்போதே, "நான் ஓட மாட்டேன்! நான் ஓட மாட்டேன்!" என்று கதறியது. ஊரே அதைக் கேட்டது. வாய் ஓடமாட்டேன் என்று அழ, நாலு காலும் ஓடிக்கொண்டே இருந்ததை அன்று பார்த்தவர்கள் யாரும் சாகும்வரை மறக்கவில்லை.

காத்தாயி கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாம்பி வளைந்து திரும்பி வரும் பாதைக்கு நேர் எதிரே போகாமல், ஒதுங்கிப் பக்கவாட்டில் நின்றாள். கைகளைத் தாழ வைத்துக்கொண்டாள். கட்டிய தாடைக்குள்ளேயே மெதுவாக "ம்ம்... ம்ம்..." என்று முனகினாள். தன் உடம்பு பின்வாங்கப் பார்த்ததை அவள் உணர்ந்தாள். காலை ஊன்றி நின்றாள். சாம்பியின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. பிறகு மறு காது திரும்பியது. ஓட்டம் தளர்ந்து, நடையாகி, நின்றது. அந்தக் காதுகள் தளரும்வரை அவள் அசையவில்லை. பிறகு முனகிக்கொண்டே தோள்பக்கமாகப் போய், கழுத்தில் ஒரு கையை வைத்து, மறு கையால் கயிற்றை அறுத்தாள்.

ஒண்டிமுத்துவுக்கு உயிர் இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கயிற்றோடு போய்விட்டன.

அக்காவின் மடியில் தலை வைத்துக் கிடந்தவன் சாம்பியைப் பார்த்தான். "அது பொய் சொல்லலக்கா" என்றான். அவனுக்கு அழுகை வந்தது. "ஓடும்போதுகூட ஓட மாட்டேன்னுதான் சொல்லுச்சு. அதுக்கே தெரியலக்கா."

ஊரார் சுற்றி நின்றார்கள். மற்ற குதிரைகளும் வந்து நின்றன. சாம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பேசியது.

"ரெண்டு தரம் சத்தியம் பண்ணேன். ரெண்டும் நெசமான சத்தியம். ஒரு தரம் காத்தாயியோட தாடை போச்சு. இன்னொரு தரம் இவன் விரலு போச்சு. பயம் வந்தா என் காலு என்னக் கேக்கறதில்ல. நான் உங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே அது கெளம்பிடுது. ஆனா என் காது அதுக்கும் முன்னாடியே சொல்லிடுது. இந்த ஊர்ல அதப் பாத்தது காத்தாயி ஒருத்திதான். அவளும் வாய் கட்டினதுக்கு அப்புறந்தான் பாத்தா. என் வாய் பேசற வரைக்கும் நீங்க யாரும் என் காதப் பாக்க மாட்டீங்க. அதனால இனிமே நான் பேசல."

காத்தாயி வேகமாகத் தலையை ஆட்டினாள். அவளுக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அது ஒன்றுதான். தாடைக்கட்டைப் பிடித்து இழுக்கப் போனாள். சாம்பி மூக்கால் அவள் கையை மெல்லத் தள்ளிவிட்டது.

"அழாதடி" என்றது. அதுதான் அது கடைசியாகப் பேசியது.

சுற்றி நின்ற குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. அந்த ஊரில் அதற்குப் பிறகு பிறந்த குட்டிகளுக்குப் பேச்சுச் சொல்லித்தர ஆளில்லை. செய்தி கடலோரமாகவே பரவியது. கேட்ட குதிரைகள் எல்லாம் அதுவே சரி என்று பேச்சை விட்டன.

இரண்டு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது காத்தாயியின் பேச்சு கொஞ்சம் குழறியது. அந்தக் குழறலோடேயே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பின்னாலிருந்து போகாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். அதற்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காராதீர்கள், விலக வழி வைத்துக்கொண்டு நில்லுங்கள். எத்தனை வருஷம் வளர்த்திருந்தாலும் என் குதிரை செய்யாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒண்டிமுத்து பக்கத்தில் நின்று தன் மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினான்.

அன்று தொட்டுத்தான் குதிரை பேசுவதில்லை. குதிரையிடம் போகிறவர் எட்டத்திலிருந்தே குரல் கொடுத்து, பக்கவாட்டில் வந்து, தோளில் ஒரு கையை வைத்து, வேறெதையும் செய்வதற்கு முன்னால் அதன் காதுகளைப் பார்ப்பதும் அன்று தொட்டுத்தான்.